சிறு வண்டியில் கேவெலார் அன்னையிடம்



125 சிசி வண்டியில் ட்ரியர் நகரிலிருந்து கேவெலார் திருத்தலம் வரை செல்ல இயலுமா என்று உங்களுள் சிலர் கேட்டிருந்தீர்கள். நன்றாகவே இயலும். திருப்பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் துணிபு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த ‘பி 196’ விதியின்படி, 25 வயது நிறைந்து, கார் உரிமம் பெற்று 5 ஆண்டுகள் ஆனவர், 90 நிமிட வகுப்புகள் ஒன்பதை முடித்தால் போதும், தேர்வு இல்லை. இந்த அனுமதி ஜெர்மனிக்குள் மட்டுமே செல்லும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உணவகச் சமையலறையிலும் கிடங்கிலும் இரவுப்பணி செய்யும் நம் இளைஞர்கள், கடன் பெற்றுப் பெரிய வண்டி வாங்குகின்றனர். தவணை கட்ட ஞாயிறும் வேலைக்குச் செல்கின்றனர். வண்டியோ நிலவறையில் உறங்குகிறது. ஓய்வுக்காக வாங்கிய பொருள் ஓய்வுநாளையே விழுங்கிவிடுகிறதே! நம் ஊர்ப் பங்குத்தந்தையர் டிவிஎஸ் 50 வண்டியில் திருப்பலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளைப்பங்குகளைச் சுற்றிவந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ட்ரியரில் திருத்தூதர் மத்தியாவின் கல்லறையில் செபித்துவிட்டுப் புறப்படுங்கள். பிட்பர்க், ப்ரூம், மோன்ஷாவ் வழியாக ஐஃபல் மலைப்பகுதியைக் கடந்து, ஆகன் நகருக்குக் கிழக்கே இறங்கினால் கீழ் ரைன் சமவெளி. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இரண்டு நாள்களாகப் பகுத்துக்கொள்ளுங்கள். ப்ரூம் பேராலயத்தில், ஆண்டவருடைய காலணி எனப் போற்றப்படும் திருப்பண்டம் உள்ளது. வழிப்போக்கர் தவறவிடக் கூடாத இடம்.

அவுட்டோபானில் 125 சிசி வண்டிக்குச் சட்டப்படி இடமுண்டு. ஆயினும் நான் அதில் ஏறுவதில்லை. பின்னால் லாரி நெருங்கும்போது, விரைந்து விலகிச் செல்ல எஞ்சினில் மிச்சம் ஏதும் இராது. ஐஃபல் ஏற்றங்களிலும் வேகம் 60 வரை இறங்கிவிடும். இடம் கண்டவுடன் ஒதுங்கி வழிவிடுங்கள். சமவெளியில் ஏற்றம் இல்லை, எதிர்க்காற்று உண்டு. அதுவும் ஏற்றம்தான்! மாற்றுடை, மழையுடை, செயின் எண்ணெய் ஆகியவற்றுக்கு மேல் சுமை வேண்டாம். 130 கிலோ வண்டி சாய்ந்துவிட்டால் ஒருவராகவே நிமிர்த்திவிடலாம். பெட்ரோலும் 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் அளவே ஆகும்.

இதே நிலப்பரப்பில் உங்களுக்கு எதிர்த்திசையில் நடந்தே வருவோரும் உண்டு. கீழ் ரைன் பகுதியின் மத்தியா சகோதரக் குழுக்கள் ஆண்டுதோறும் ட்ரியருக்குத் திருப்பயணம் வருகின்றன. அவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, ஒலியெழுப்பாமல் கடந்து செல்லுங்கள். மோட்டார்சைக்கிள்களின் இரைச்சலால் சில மலைச்சாலைகளை வார இறுதிகளில் அவற்றுக்கு மூடிவைக்கும் நாடு இது.

கேவெலாரின் கதையும் ஒரு வழிப்போக்கருடையதே. முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில், 1641ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி, ஹென்ட்ரிக் புஸ்மன் என்னும் சில்லறை வணிகர் அவ்வழியே சென்றார். பாதையோரச் சிலுவை அருகே, தனக்கு அங்கே ஒரு சிறு ஆலயம் எழுப்புமாறு பணிக்கும் குரலைக் கேட்டார். அவரிடம் செல்வம் இல்லை; அன்றாட வருவாயிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்தார். துயருறுவோருக்கு ஆறுதலான லக்சம்பர்க் அன்னையின் படம் 1642 ஜூன் 1 அன்று அங்கே வைக்கப்பட்டது. தங்கச் சிலையோ பெரிய ஓவியமோ அன்று அது. உள்ளங்கையில் அடங்கும் அச்சுத் தாள். அந்தத் தாளின் முன்தான் 1987இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் செபித்தார். ஆகஸ்டு மாதத் தமிழர் திருப்பயணத்தில் மடு மாதாவை நினைத்து அழும் நம் ஈழத்துத் தாய்மாரும், அவர்களோடு இந்துச் சகோதரரும் நிற்பது அதன் முன்தான்.

வரும் ஆகஸ்டில் சிறு வண்டியில் வர விரும்புவோர் கீழே எழுதுங்கள். முதல் நாள் ப்ரூமில் ஒன்றுகூடித் திருப்பலி நிறைவேற்றிவிட்டுப் புறப்படலாம். மழையுடையை மறவாதீர்கள், ஐஃபல் மழைக்கு மாதக்கணக்குத் தெரியாது.