சாமை உப்புமாவும் சைக்கிள் பம்பும்

சைக்கிள் பம்பால் அடுப்பு ஊதலாம் என்பது என் மச்சானின் கண்டுபிடிப்பு. மனைவியின் தம்பி, என்னைவிடப் பதினாறு வயது இளையவன். “டயருக்கு அடிக்கிற காத்தை விறகுக்கு அடிச்சா என்ன மாமா கெட்டுப்போகும்?” என்று கேட்டான். கெட்டுப்போனது உப்புமா.

ஜவ்வாது மலையில் ஒரு தை மாதக் காலை. ஆலங்காயத்திலிருந்து இருட்டோடு கிளம்பி மிதித்தோம். காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரை மரங்களுக்கு மேலே தெரிந்தபோதுதான் பலபலவென்று விடிந்தது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. அதை அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைக்கக் காரணமாக இருந்த இருட்டு, சைக்கிள்காரனுக்கு ஒன்றும் நல்லதல்ல. முன்விளக்கு காட்டுகிற பத்தடிக்கு மேல் சாலையே கிடையாது. ஏற்றம் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் மிதிப்பது ஒருவகையில் நிம்மதிதான். முழங்காலுக்குத்தான் அது புரியவில்லை.

காவலூர் தாண்டித் தார்ச்சாலையை விட்டு ஒரு மண் பாதையில் இறங்கினோம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் பட்டா நிலமாகப் பார்த்து, அறுவடை முடிந்த ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில் நின்று குரல் கொடுத்தோம். ஓர் அம்மா வெளியே வந்தார். “தாள் பக்கம் போவாதீங்க. அந்தப் பாறை மேல மூட்டிக்குங்க” என்றார். அவ்வளவுதான் அனுமதி.

சாமான் அதிகமில்லை. ஒரு குண்டான், ஒரு கரண்டி, வீட்டிலேயே கழுவி உலர்த்தி லேசாக வறுத்த சாமை இரண்டு டம்ளர், மாத்திரை டப்பாவில் கடுகும் உளுத்தம்பருப்பும், இருமல் மருந்து பாட்டிலில் நல்லெண்ணெய். குண்டானின் வெளிப்பக்கம் ஈர மண்ணைக் குழைத்துப் பூசினேன். என் அம்மா செய்து பார்த்தது. கரி பாத்திரத்தில் பிடிக்காமல் பூச்சில் பிடிக்கும். கழுவும்போது மண்ணோடு போய்விடும். பைக்குள் துணிமணியோடு திரும்பிப் போக வேண்டிய பாத்திரத்துக்கு இது முக்கியம்.

அடுப்புக்கு ஓடையிலிருந்து வழவழவென்று மூன்று கல் பொறுக்கி வந்தது என் தப்பு. தண்ணீரில் ஊறிக் கிடந்த கல். சூடேறி உள்ளே ஈரம் ஆவியானதும் ஒன்று பட்டென்று வெடித்தது. சில்லு பறந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பியில் ‘டிங்’ என்று பட்டது. கண்ணில் பட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கொல்லை வரப்பில் காய்ந்து கிடந்த கற்களைக் கொண்டுவந்து மறுபடி ஆரம்பித்தோம்.

சுள்ளியெல்லாம் பனியில் நமுத்திருந்தது. புகைதான் வந்தது. எப்படியோ கடுகு வெடித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கி, சாமை ஒன்றுக்கு இரண்டரை என்ற கணக்கில் தண்ணீர் ஊற்றி, அது கொதித்துச் சாமையையும் போட்ட பிறகு தீ மறுபடி படுத்தது. அப்போதுதான் பம்பு வெளியே வந்தது. நாலு அடி அடித்தான். தீ குபுகுபுவென்று எழுந்தது. கூடவே சாம்பலும் எழுந்தது. எழுந்தது நேராகக் குண்டானுக்குள் இறங்கியது. இருந்த சுள்ளி முழுவதையும் நான் உள்ளே தள்ளினேன். தீ குண்டானின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஆடியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த அம்மா அதுவரை எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வந்து குந்தி, ஒன்றும் சொல்லாமல் விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து நுனியைப் பாறையில் தேய்த்து அணைத்தார். கங்கு மட்டும் மிஞ்சியது. தட்டால் மூடி, அதன் மேல் நாலு கங்கு எடுத்து வைத்தார், வெறும் விரலால். “சோறாக்கவா மூட்டினீங்க, குளிர் காயவா?” என்றார். சமைக்கத் தெரியாதவனை அவன் மூட்டுகிற தீயின் உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

பத்து நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை. திறந்தபோது மேலே சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு. அதை வழித்துப் போட்டால் கீழே உதிரி உதிரியாக உப்புமா. அடியில் லேசாகப் பிடித்த காந்தலுக்குத்தான் போட்டி.

அவருக்கும் ஒரு கை இலையில் வைத்தேன். தின்றுவிட்டு, “எங்க வூட்ல இப்பல்லாம் ரேசன் அரிசிதான். சாமையை மூட்டையாவே வித்துடறோம்” என்றார். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது; நாங்கள் கொண்டுபோன சாமை, ஊரில் பளபள பாக்கெட்டில், அரிசியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கியது. விளைகிற கொல்லைக்கே அதை சைக்கிளில் சுமந்து ஏறியிருக்கிறோம். விலையை அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போதுதான் தீயை அணைக்கத் தண்ணீர் இல்லை என்று தெரிந்தது. ஒரு லிட்டர் பாட்டில்கள் நாலில் மூன்றை ஏற்றத்திலேயே குடித்துவிட்டோம். நாலாவது உப்புமாவுக்குப் போய்விட்டது. மச்சான் காலி பாட்டில்களோடு ஓடைக்கு இரண்டு தரம் இறங்கி ஏறினான். ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்குள் கையை விட்டுச் சூடில்லை என்று பார்த்த பிறகுதான் அந்த அம்மா எங்களைப் போக விட்டார்.

போகிறவர்கள் அணைப்பதற்கென்றே ஒரு பாட்டில் தண்ணீரைத் தனியாகக் கட்டிக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் அதைக் குடித்துவிடாதீர்கள்.