"கோயிலுக்குனு சொல்லிடலாமா?" - ஒரு நாசிக் ட்ரிப்பும் அம்மாவின் மூன்று நாள் மௌனமும்

தமிழ்நாட்டில் 'ஒயின்' என்ற சொல்லுக்குத் தனிக் கதை உண்டு. 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுப்பதற்கு முன்பு, தனியார் மதுக்கடைகளின் போர்டில் 'ஒயின்ஸ்' என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே விற்றதெல்லாம் பிராந்தி, ரம், பீர். ஒயின் கேட்டு அங்கே போனவர்கள் அபூர்வம். ஆனாலும் 'ஒயின் ஷாப்' என்ற பெயர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய பல அம்மாக்களிடம் இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால், ஞாபகத்துக்கு வருவது திராட்சை இல்லை. சம்பள நாளன்று வீட்டுக்காரர் வீட்டுக்கு வரும் முன் ஏறி இறங்கிய அந்தப் படிக்கட்டுதான்.

போரூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில், சில மாதங்களுக்கு முன் போடப்பட்ட ஒரு பயணத் திட்டம் சிக்கிக்கொண்டது இந்தச் சொல்லில்தான்.

மனைவிக்கு 29 வயது, கணவருக்கு 32. இருவருக்கும் ஐ.டி வேலை. அவளுக்கு நைட் ஷிஃப்ட், அவருக்குப் பகல். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து விழித்திருந்த நேரத்தைக் கூட்டினால் பாதிகூடத் தேறாது என்பது அவர்கள் வீட்டு ஜோக். "எங்கயாவது போய் மூணு நாள் சும்மா இருக்கணும். மலையும் வேணாம், கடலும் வேணாம். சும்மா" என்று அவள் கேட்க, அவர் சொன்ன ஊர் நாசிக்.

இந்தியாவின் ஒயின் தலைநகர் என்று நாசிக்கைச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம், மழை ஓய்ந்த பிறகு வரும் குளிர்ந்த இரவுகள், கங்காபூர் அணைத் தண்ணீர். திராட்சை அங்கே நெடுங்காலமாக உண்டு. ஆனால், அதில் பெரும்பகுதி சாப்பிடும் திராட்சை. வெளிநாட்டுக்குக் கப்பலேறுவதும் அதுதான். ஒயின் அங்கே புதிது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிளில் வேலை பார்த்த ராஜீவ் சமந்த், தொண்ணூறுகளில் ஊர் திரும்பி, குடும்ப நிலத்தில் மா, திராட்சை எனப் பலதையும் முயன்று பார்த்து, கடைசியில் ஒயின் திராட்சையில் நிலைத்தார். அவருடைய சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000-ல் வந்தது. 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்றே தனிக் கொள்கை அறிவிக்க, ஆலைகள் பெருகின. இன்று தோட்டத்துக்குள்ளேயே தங்கும் அறை, உணவகம், ஆலையைச் சுற்றிக்காட்டும் டூர் என்று அதுவே ஒரு சுற்றுலாவாகிவிட்டது.

கணவர் எக்ஸெல் ஷீட் போட்டார். அங்கேதான் 'சும்மா' காணாமல் போனது. ஜனவரி 26-ஐ ஒட்டிய லாங் வீக்எண்ட். நள்ளிரவு விமானம், மும்பையிலிருந்து அதிகாலை கார், மூன்று நாளில் நான்கு ஒயின் ஆலைகள், நடுவில் திரிம்பகேஷ்வர், பாண்டவ்லேணி குகை, முடிந்தால் ஷீரடி. மொத்தம் பதினோரு வரிகள். ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு, கலர் அடித்து! ஓய்வுக்குப் போகிறவர்கள் ஏன் இப்படி ஆபீஸையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது ஆய்வுக்குரிய விஷயம். இத்தனையும் செய்தவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஜனவரி 26 மகாராஷ்டிரத்தில் 'டிரை டே'. அன்றைக்கு ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள்.

ஆனால், பெரிய சிக்கல் அந்த ஷீட்டில் இல்லை. அடுத்த அறையில் இருந்தது.

அவளுடைய அம்மா இவர்களோடுதான் இருக்கிறார். வயது 58. அப்பா ஆறு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். கல்லீரல். உறவினர்களிடம் 'மஞ்சக்காமாலை' என்று சொல்லப்பட்டது. அவர் குடித்துவிட்டு அடித்ததில்லை, கத்தியதுமில்லை. "ரொம்ப நல்ல மனுசன்" என்று எல்லோரும் சொன்ன குடிகாரர். இரவில் அவர் வரும் வரை வாசல் லைட்டை அணைக்காமல் உட்கார்ந்திருந்தே அம்மாவுக்கு இருபத்தைந்து வருடம் போயிற்று. இப்போதும் அந்த வீட்டில் வாசல் லைட்டைக் கடைசியாக அணைப்பது அவர்தான்.

"கோயிலுக்குனு சொல்லிடலாமா?" என்று கணவர் கேட்டார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நாசிக்கில்தான் பஞ்சவடி இருக்கிறது. ராமரும் சீதையும் வனவாசத்தில் தங்கியதாகச் சொல்லப்படும் இடம், கோதாவரிக் கரையில் ராமகுண்டம், காலாராம் கோயில். முப்பது கிலோமீட்டருக்குள் திரிம்பகேஷ்வர், பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. "அத்தையையும் கூட்டிட்டுப் போவோம். அவங்க ஹோட்டல்ல ரெஸ்ட் எடுக்குறப்ப நாம ரெண்டு மணி நேரம் போயிட்டு வந்துடலாம்."

அவளும் சரி என்றாள். அன்று மாலையே அம்மா கம்பத்தில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டு, "மாப்ள என்னைய பஞ்சவடிக்குக் கூட்டிட்டுப் போறாரு" என்று அரை மணி நேரம் பேசினார். தங்கை பெயரில் அர்ச்சனை செய்ய நட்சத்திரம் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த அறையில் இருந்த மகளுக்கு லேப்டாப்பில் ஒரு வரிகூட ஓடவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சு எங்கெங்கோ போனது. "நம்ம ஊரு சரி. ஒருநாள் போர்டோ போகணும். ஃபிரான்ஸ்ல இருக்கு" என்றார் கணவர்.

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "போர்டோவா? அது மருந்துல்ல?"

இருவருக்கும் புரியவில்லை. அம்மாவுக்கு ஆச்சர்யம். "மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு அடிப்பாங்களே, அதான் போர்டோ கலவை. அடிச்சா இலையெல்லாம் நீலம் பூத்துரும். எங்க பாவாடையெல்லாம் நீலம்."

அவர் சொன்னது சரிதான். திராட்சை இலையில் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் அந்தக் கலவை பிறந்ததே போர்டோவின் ஒயின் தோட்டங்களில்தான். சாலையோரக் கொடிகளில் பழம் பறிப்பவர்களை விரட்ட விவசாயிகள் நீல நிறத்தில் எதையோ தெளித்து வைக்க, அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885-ல் அவர் அதை மருந்தாக அறிவித்தார். அந்த ஊரின் பெயர் கடல் தாண்டி கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, பள்ளிக்கூடம் பாதியில் நின்ற ஒரு பெண்ணின் பாவாடையில் கறையாகியிருக்கிறது.

அம்மா பதிமூன்று வயதிலிருந்து கல்யாணம் வரை திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். மகளுக்கு அது தெரியும்; ஆனால், ஒரு வரித் தகவலாகத்தான் தெரியும். அன்று அம்மா ஒரு மணி நேரம் பேசினார். பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கத் தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை பார்த்தால் ராத்திரி தோள் எப்படிக் கடுக்கும், குலையைக் காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பழத்தில் விரல் பட்டால் மேலே படிந்த சாம்பல் பூச்சு போய்விடும், போனால் விலை போய்விடும்... 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைதான் அது. இப்படி அம்மா பேசி மகள் கேட்டதே இல்லை.

அன்றிரவு, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லிவிட்டாள். நாசிக்குக்குப் போவது கோயிலுக்காக மட்டும் இல்லை. அங்கே திராட்சைத் தோட்டத்தில் ஒயின் செய்கிறார்கள். அதைப் பார்க்க. கொஞ்சம் குடித்தும் பார்க்க. அவர் மட்டும் இல்லை, "நானும்."

அம்மா கீரையை முடித்தார். கட்டை அள்ளிக் குப்பையில் போட்டார். வாசல் லைட்டை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மருமகன் சமாதானத்துக்கு வந்தார். "ஒயின்லாம் ஜூஸ் மாதிரிதான் அத்தை." இந்த வாதத்தை நம் வீடுகளில் பலரும் சொல்கிறார்கள். உண்மையில்லை. ஒயினில் சாதாரணமாக 12, 13 சதவிகிதம் ஆல்கஹால் இருக்கும். பீரில் இருப்பதைவிட அதிகம். அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவரிடம் வேறு கணக்கு இருந்தது. "அவுகளும் மொதல்ல பீருதான்னு சொன்னாக மாப்ள" என்றார். அதற்கு மேல் மருமகன் பேசவில்லை.

மூன்று நாள் அந்த வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. மகள் ட்ரிப்பையே கேன்சல் செய்துவிடலாம் என்று சொன்னாள். கணவருக்கும் சம்மதம்தான். அப்பாவின் பழக்கம் தன்னிடமும் எங்காவது ஒளிந்திருக்குமோ என்ற பயம் அவளுக்கும் உண்டு. ஆபீஸ் பார்ட்டிகளில் ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டு, நிறுத்திவிட்டோம் என்று மனதுக்குள் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்கிறவள் அவள். அதை அம்மாவிடம் சொன்னதில்லை. அந்த மூன்றாம் நாள் சொன்னாள்.

நான்காம் நாள் காலை, டீ டம்ளரை வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "அங்க பந்தலா, வரிசையா? எந்த மாசம் வெட்டு?"

அதன் பிறகு அந்த வீட்டில் கூகுள் செய்தது அம்மாவுக்காக. நாசிக்கில் ஒயின் திராட்சை பந்தலில் இல்லை. கம்பி வேலியில் இடுப்பு, நெஞ்சு உயரத்துக்கு வரிசையாக ஏற்றியிருப்பார்கள். "அப்ப தோள் வலிக்காது" என்றார் அம்மா. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை முடியும்போது இன்னொரு கவாத்து, ஆனால் அறுவடை ஒன்றே ஒன்று, ஜனவரியிலிருந்து மார்ச் வரை. கம்பத்தில் வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்பதால் இது அவருக்கு இளப்பமாகப்பட்டது. ஒயின் திராட்சை சின்னது, தோல் தடிமன், கொட்டை உண்டு. சிவப்பு ஒயினுக்கு நிறம் வருவதே அந்தத் தோலிலிருந்துதான். அறுவடைக் காலத்தில் வருகிறவர்கள் தொட்டியில் இறங்கிப் பழத்தை மிதித்து விளையாடும் வீடியோ ஒன்றையும் காட்டினார்கள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பழத்தையா மிதிக்கிறாக?" ஷீட்டிலிருந்து அந்த வரி உடனே போனது.

சுலா என்ற பெயர் ராஜீவ் சமந்தின் அம்மா சுலபாவின் பெயரைச் சுருக்கி வைத்தது என்று மகள் சொன்னபோது, "அந்தம்மா ஒத்துக்கிட்டாகளா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

பதினோரு வரிகள் ஆறாகின. லாங் வீக்எண்ட் வேண்டாம், பிப்ரவரி நடுவில் வார நாட்கள். கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு, கொடியில் பழமும் இருக்கும். (அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், 2027-ல் நாசிக்கிலும் திரிம்பகேஷ்வரிலும் கும்பமேளா என்பதை நினைவில் வைப்பது நல்லது.) மும்பைக்குப் பகல் விமானம். அங்கிருந்து நாசிக் சுமார் 170 கிலோமீட்டர். காசாரா மலைப்பாதையை வெளிச்சத்திலேயே ஏறிவிடலாம். மூன்று இரவும் ஒரே இடத்தில், கங்காபூர் அணைப் பக்கம். காரும் டிரைவரோடு, ருசி பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்பதில் அம்மாவுக்கு முன்பே மருமகன் கறாராக இருந்தார். ஒருநாள் பஞ்சவடியும் திரிம்பகேஷ்வரும். ஒருநாள் ஒரே ஒரு ஒயின் ஆலை. இன்னொரு நாளுக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. காலையில் நாசிக்கின் காரசாரமான மிசல் பாவ் சாப்பிடலாம் என்ற யோசனை மட்டும். ஷீரடி போயிற்று; அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒயின் டேஸ்ட்டிங் என்றால் என்ன என்பதையும் அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டார். ஐந்தாறு வகை, ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு வாய். நிறம் பார்த்து, முகர்ந்து, வாயில் வைத்து, வேண்டாம் என்றால் அங்கிருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். "துப்புறதுக்கா காசு?" என்று முதன்முறையாகச் சிரித்தார்.

அம்மா போட்ட நிபந்தனை இரண்டு. வீட்டுக்கு ஒரு பாட்டில்கூட வரக் கூடாது. அவர்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் அவர் தோட்டத்தில் இருப்பார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. டேஸ்ட்டிங்கை மாலை ஐந்து மணிக்கு, அஸ்தமனம் பார்த்தபடி என்று மருமகன் போட்டிருந்தார். ஷீட்டைப் பார்த்த அம்மா, அதற்கு மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு எம்பக்கத்துல உக்காருவீகள்ல. அப்ப அந்த வாடை வரக் கூடாது."

டேஸ்ட்டிங் இப்போது காலை பதினொன்றரைக்கு மாறியிருக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று. விடியற்காலையில் அங்கே நன்றாகக் குளிரும் என்று கேள்விப்பட்டு, அம்மா கம்பளிச் சால்வையை எடுத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறார்.