உள்மூலையில் ஒரு விரிசல்

நுழையும்முன்

தாளில் வரைந்த கோடு உலோகமாக உருப்பெற்று, அதன்மீது ஒருவர் தம் காலை நம்பி வைக்கும் நாளில்தான் வடிவமைப்புக் கல்வி உண்மையான தேர்வைச் சந்திக்கிறது. இயந்திரவியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் ஒரு பந்தய வண்டியைத் தாமே வடிவமைத்து, உருவாக்கி, ஓட்டிக் காட்டும் போட்டிகள் உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அத்தகைய வண்டியின் ஒரு சிறிய உறுப்பு ஒரு மாணவனுக்குக் கற்பித்ததை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பணிமனையில் ஓர் இரவு

இரவு பதினொரு மணி. கல்லூரிப் பணிமனையில் இரண்டு குழல்விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. கான்கிரீட் தரையில், நான்கு மரக்கட்டைகளின் மீது, மேலுறை கழற்றப்பட்ட ஒற்றை இருக்கை வண்டி ஒன்று நின்றது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து உருவாக்கிய சட்டகம். பின்புறம் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்துப் பொருத்திய எஞ்சின். முன்புறம், ஓட்டுநரின் கால்கள் நீளும் குறுகிய இடத்தில், அலுமினியத்தால் ஆன பிரேக் மிதி. இருபத்தைந்து மாணவர்கள் ஓராண்டு உழைத்து உருவாக்கிய வண்டி அது. போட்டிக்குப் புறப்பட இன்னும் நான்கு நாள்களே இருந்தன.

மிதியை வடிவமைத்தவன் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். அன்று மாலை ஓட்டப் பயிற்சியில் படிந்திருந்த எண்ணெயையும் புழுதியையும் அவன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மிதியின் தண்டு அடிப்பகுதியோடு சேரும் உள்மூலையில் அவனுடைய நகம் எதிலோ தட்டியது. கீறலாக இருக்கும் என்று முதலில் எண்ணினான். விளக்கை அருகில் கொண்டுவந்து பார்த்தான். முடியைவிட மெல்லிய ஒரு கோடு தெரிந்தது.

கீறலா, விரிசலா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. சிவப்புச் சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டு வெண்பொடிப் பூச்சைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால், அதனுள் புகுந்த சாயம் வெளியே கசிந்து வெண்மையின்மீது சிவப்புக் கோடாகத் தோன்றும். அவன் அவ்வாறே செய்தான். சில நிமிடங்களில் ஆறு மில்லிமீட்டர் நீளத்திற்குச் சிவப்புக் கோடு ஒன்று எழுந்தது.

மாணவர் கட்டும் வண்டிகள்

இந்தப் போட்டியின் வேர் அமெரிக்காவில் உள்ளது. 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' என்னும் பெயரில் 1981ஆம் ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் அது தொடங்கியது. 1998இல் இங்கிலாந்திற்கும் 2006இல் ஜெர்மனிக்கும் 'ஃபார்முலா ஸ்டூடன்ட்' என்னும் பெயரில் பரவியது. இந்தியாவில் 'ஃபார்முலா பாரத்' என்னும் போட்டி கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ஓடுதளத்தில் நடத்தப்பட்டு வருகிறது. மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கிய கோவையின் பந்தய வீரர் எஸ். கரிவரதனின் பெயரையே அந்த ஓடுதளம் தாங்கி நிற்கிறது.

வேகமாக ஓடுவது மட்டும் இப்போட்டியில் வெற்றி தராது. மொத்தம் 1000 மதிப்பெண்களில் 325 மதிப்பெண்கள் வண்டி நகராமல் நிற்கும்போதே வழங்கப்படுகின்றன. வடிவமைப்பு, செலவுக் கணக்கு, வணிகத் திட்டம் ஆகிய மூன்றையும் தொழில்துறைப் பொறியாளர்கள் கேள்வி கேட்டு மதிப்பிடுவார்கள். எஞ்சியவை முடுக்கம், வளைவில் திரும்பும் திறன், நீண்ட ஓட்டம், எரிபொருள் சிக்கனம் முதலியவற்றிற்கு உரியவை.

பாதுகாப்பு விதிகள் மிகக் கடுமையானவை. பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் நுழைய வேண்டும். எஞ்சினின் ஆற்றல் எல்லை மீறாதிருக்கவே இந்த ஏற்பாடு. வண்டியை 60 பாகை சாய்த்தாலும் அது கவிழவோ எரிபொருள் சிந்தவோ கூடாது. ஐந்து நொடிக்குள் ஓட்டுநர் வெளியேற வேண்டும். ஓடிவரும் வண்டியில் பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். பிரேக் மிதி 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ இருநூறு கிலோகிராம் எடையை அதன்மீது ஏற்றுவதற்கு இது சமம். அச்சத்தில் ஒருவர் முழு வலிமையோடு மிதித்தாலும் மிதி முறியலாகாது என்பதே இவ்விதியின் நோக்கம்.

மாணவர்களின் முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சுவிட்சர்லாந்து சான்று. சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக மாணவர்களும் லூசெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழக மாணவர்களும் இணைந்து உருவாக்கிய மின்வண்டி, 2023 செப்டம்பரில் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 நொடியில் எட்டி உலக சாதனை படைத்தது. ஏறத்தாழ 140 கிலோகிராம் எடையுள்ள அவ்வண்டி அந்த வேகத்தை எட்டக் கடந்த தொலைவு 12.3 மீட்டர் மட்டுமே. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார்கள் இருந்தன. வண்டியைத் தரையோடு உறிஞ்சி அழுத்தும் அமைப்பும் இருந்தது.

கணக்கில் நின்றது, கையில் விரிந்தது

அம்மாணவனும் கணக்கிடாமல் மிதியை வரையவில்லை. 2000 நியூட்டன் விசையைக் கொடுத்துக் கணினியில் சோதித்திருந்தான். திரையில் மிதி முழுவதும் பச்சை நிறமாகவே தெரிந்தது. 340 கிராம் எடையில் அவ்வளவு மெல்லிய மிதியை வடிவமைத்ததற்காக அணியினர் அவனைப் பாராட்டியும் இருந்தனர்.

வரைபடத்தைப் பணிமனைக்குக் கொண்டுசென்ற நாளில் மட்டும் ஒரு தடை எழுந்தது. முப்பது ஆண்டுகளாக மில்லிங் இயந்திரத்தின் முன் நிற்கும் பணியாளர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்மூலையை இப்படிக் கூரா விடாதீங்க. ரேடியஸ் கொடுங்க. விரிஞ்சா அங்கதான் முதல்ல விரியும்" என்றார்.

"கணக்குல நிக்குதுண்ணே" என்றான் அவன்.

"நிக்கும் தம்பி. ஒரு தடவை நிக்கும்" என்று கூறிவிட்டு அவர் வரைபடத்தில் இருந்தபடியே அலுமினியத்தைச் செதுக்கிக் கொடுத்தார். கூரிய மூலை வேண்டும் என்பதற்காக அந்த இடத்தை அரத்தால் ராவியும் தந்தார்.

அவர் சொன்னதன் பொருள் அறிவியலில் 'தகைவுக் குவிவு' எனப்படுகிறது. ஓடும் ஆற்றின் குறுக்கே ஒரு தூண் நின்றால், நீர் அதன் ஓரங்களில் நெருங்கி விரைவது போல, ஒரு பொருளின் வழியே பாயும் தகைவும் அதன் வடிவம் திடீரென மாறும் இடத்தில் நெருங்கிக் குவிகிறது. அகன்ற தகடு ஒன்றில் சிறிய வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது. கூரிய உள்மூலையில் அது இன்னும் மிகுதியாகும். மாணவன் தன் கணினி மாதிரியைப் பெரிய பெரிய கண்ணிகளாகப் பகுத்திருந்தான். மூலையின் நுனியில் இருந்த குவிவு அந்தக் கண்ணிகளின் சராசரிக்குள் மறைந்துபோயிற்று. மேலும், அவன் ஒரே ஒரு மிதிப்பையே கணக்கிட்டிருந்தான். ஆயிரம் முறை மிதித்து விடுவதால் உலோகம் அடையும் சோர்வு அக்கணக்கில் இடம்பெறவில்லை.

வரலாறு இப்பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. உலகின் முதல் ஜெட் பயணியர் விமானமான 'காமெட்' வகையைச் சேர்ந்த இரண்டு விமானங்கள் 1954ஆம் ஆண்டில் அடுத்தடுத்து நடுவானில் சிதைந்து மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. காரணத்தை அறிய, பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஒரு முழு விமானத்தின் உடற்பகுதியை நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படுவது போன்ற அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தனர். உடற்பகுதி கிழிந்தது. திறப்புகளின் மூலைகளில் குவிந்த தகைவும் அதனால் உண்டான உலோகச் சோர்வுமே காரணம் எனத் தெரியவந்தது.

இந்தப் பாடத்தை அவன் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தான்.

சொல்வதா, மறைப்பதா

பணிமனையில் அவனைத் தவிர அப்போது எவரும் இல்லை. சாயத்தைத் துடைத்துவிட்டால் கோடு கண்ணுக்குத் தெரியாது. போட்டியில் எவரும் 2000 நியூட்டன் விசையோடு மிதிக்கப் போவதில்லை. நான்கு நாள்கள் மட்டும் தாங்கினால் போதும். சொன்னாலோ மறுநாள் நடக்கவேண்டிய இறுதிப் பயிற்சி தடைபடும். எல்லாவற்றிற்கும் மேலாக, எச்சரித்த மனிதரின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டும். இவ்வளவும் அவன் மனத்தில் ஓடின.

சில நகரங்களில் இறுதியாண்டுச் செயல்திட்டங்களை அறிக்கையோடு சேர்த்து விலைக்கு விற்கும் கடைகள் உண்டு. அங்கு வாங்கிய கருவிக்கு மதிப்பெண் கிடைக்கலாம், பட்டமும் கிடைக்கலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அக்கருவியில் ஒரு விரிசலைக் கண்டு நெஞ்சு பதறும் வாய்ப்பு அதை வாங்கியவருக்குக் கிட்டுவதில்லை. தானே செய்த பொருளின் பிழை மட்டுமே ஒருவரை அவ்வாறு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும்.

அவன் அணித்தலைவியைத் தொலைபேசியில் அழைத்தான். விடுதியிலிருந்து இருவர் துணையோடு வந்த அவள், குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

"நாளைக்கு யாரு ஓட்டுறா?"

"என் ரூம்மேட்தான்" என்றான் அவன்.

"அப்ப கழற்று" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விரிசல் விட்ட மிதியோடு அவன் பணிமனை வாயிலில் காத்திருந்தான். "அண்ணே, நீங்க சொன்ன எடத்துலயே விரிஞ்சிருச்சு" என்று நீட்டினான். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. "நல்லவேளை, கீழ வெச்சுப் பார்த்தீங்க. வாங்க, எத்தனை மில்லி ரேடியஸ் வேணும்னு சொல்லுங்க" என்று இயந்திரத்தின் விசையை அழுத்தினார்.

புதிய மிதியின் உள்மூலை ஆறு மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்திருந்தது. தண்டின் தடிப்பும் சற்றுக் கூடியது. எடை 420 கிராம். இறுதிப் பயிற்சி நடக்கவில்லை. அந்நாள் முழுவதும் மிதியைப் பொருத்திச் சோதிப்பதிலேயே கழிந்தது.

ஓடுதளத்தில்

போட்டியின் வடிவமைப்புத் தேர்வில் நடுவர் ஒருவர் மிதியைச் சுட்டி, "அறிக்கையில் 340 கிராம் என்றிருக்கிறது, வண்டியில் இருப்பது அதைவிடக் கனமாகத் தெரிகிறதே?" என்று வினவினார். அம்மாணவன் பையிலிருந்து பழைய மிதியை எடுத்து மேசைமீது வைத்தான். மூலையில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. தான் எங்கே தவறினேன், ஏன் கணினி அதைக் காட்டவில்லை, எவர் சொல்லைக் கேட்காமல் விட்டேன் என்பதை ஒளிக்காமல் விளக்கினான். நடுவர்கள் மற்ற உறுப்புகளை விட்டுவிட்டு அம்மிதியைக் கைமாற்றிப் பார்த்தனர்.

பிரேக் சோதனையில் நான்கு சக்கரங்களும் முதல் முயற்சியிலேயே பூட்டின. ஆனால் கடைசி நாள், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தில், வண்டி பாதி வழியில் நின்றது. அங்கே ஓட்டுநர் மாற வேண்டும் என்பது விதி. அணைத்த எஞ்சினை மீண்டும் முடுக்கியபோது, சூடேறியிருந்த அது உயிர்பெறவில்லை. பயிற்சிக்கென ஒதுக்கிய அந்த ஒரு நாள் கிடைத்திருந்தால் அக்குறையை முன்பே கண்டிருக்கக்கூடும் என்பதை அணியில் எல்லோரும் அறிந்திருந்தனர். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது, தலைக்கவசத்தைக் கழற்றிய அறைத்தோழன் அவன் தோளில் கைபோட்டு, "பிரேக்கு நல்லா நின்னுச்சுடா" என்றான்.

மேசைமீது ஒரு மிதி

அடுத்த ஆண்டு அணியில் சேர்ந்த இளையவர்களுக்கு முதல் வகுப்பு பணிமனையில் நடந்தது. அங்கே வடிவமைப்பு மென்பொருள் எதுவும் திறக்கப்படவில்லை. மில்லிங் இயந்திரத்தின் அருகே ஒரு மேசை. அதன்மீது சாயம் மங்கிய அந்தப் பழைய மிதி. ஒவ்வொருவரும் அதைக் கையில் எடுத்து, உள்மூலையில் நகத்தை ஓட்டிப் பார்த்தனர். நகம் தட்டும் இடத்தை அவர்கள் கண்டுகொண்ட பிறகு, அவன் சற்று விலகி நின்று, பணியாளரைப் பேசுமாறு கேட்டுக்கொண்டான்.