நெருப்புக்கு உண்டு, நீருக்கு இல்லை

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தரிசனம் முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிடாமல், துறைமுகம் இருக்கும் திசையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். பண்டமாரான் என்ற ஊர் வரும். மலை, அருவி, கோட்டை என்று காட்டிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. பெட்டி ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும். பழைய பலகை வீடுகளுக்கு நடுவே புதுக் கல்வீடுகள் நிற்கும். ஒரு வாசலில் சீனர்களின் சிவப்பு விளக்கு தொங்கினால், நாலு வீடு தள்ளி மாவிலைத் தோரணம் காய்ந்துகொண்டிருக்கும். உழைத்துச் சேர்த்த காசில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது.

அங்கே போனால் வீடுகளை மட்டும் பார்க்காமல் வாய்க்காலையும் பாருங்கள். ஊர் முழுக்க வாய்க்கால்தான். ஏனென்றால் இது கடலும் ஆறும் கொண்டுவந்து போட்ட களிமண் பூமி, கைத்தலம்போல் தட்டையானது. கிள்ளான் ஆறு கடலில் கலக்கும் இடமும் தூரமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தக் கரையில் கடல் ஐந்து மீட்டருக்கும் மேல் ஏறுவதுண்டு. அப்போது மதகுகளை அடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடல் நீர் வாய்க்கால் வழியாக ஊருக்குள் வந்துவிடும். மதகு மூடியிருக்கும் அந்த நேரம் பார்த்து வானமும் கொட்டினால், மழைத்தண்ணீர் எங்கே போகும்? வடிய வழியில்லாமல் வீட்டுக்குள்தான் போகும்.

இது இன்று நேற்றுக் கதையல்ல. 1901-இல் இங்கே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள் (1972-இல்தான் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது). திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் மலேரியாக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வெட்டி வாய்க்கால் இழுத்து, கரை கட்டித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே துறைமுகம் பிழைத்தது. ஆக, இந்த வட்டாரம் தானாகக் காய்ந்த நிலமல்ல, மனிதன் காய வைத்த நிலம். மண்வெட்டி பிடித்தவர்களில் நம் பாட்டன்மாரும் இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்?

பிறகு அவசரகாலம் வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் என்று ஒன்றைப் போட்டு, காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அப்படி எழுந்த புதுக்கிராமங்களில் பெரியவற்றுள் ஒன்று பண்டமாரான். வேலி போய்விட்டது, கிராமம் நின்றுவிட்டது. அதைச் சுற்றித் தாமான்கள் முளைத்தன. கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாற, பால்மரத்தையும் செம்பனையையும் விட்டு வந்த நம்மவர்கள் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை தேடிக்கொண்டார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்து, வங்கியில் கடனும் வாங்கி, ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். லயத்து வீட்டில் பிறந்து, வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்திலேயே வளர்ந்த ஒருவருக்குச் சொந்த வீடு என்றால் என்ன என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் அந்தத் தாளைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் இருபது வருடம் பால் மரம் வெட்டியவர். சாமிப் படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

"வருசா வருசம் இன்சூரன்ஸுக்குக் காசு பிடிச்சாங்க தம்பி. தண்ணி வந்து கட்டில், அலமாரி, ஐஸ்பெட்டி எல்லாம் போனப்போ கேட்டா, இது நெருப்புக்குத்தாம்மா, தண்ணிக்கு இல்லேங்கிறாங்க. இந்த ஊருல நெருப்பா வருது? தண்ணிதானே வருது!"

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி ஒரு காப்புறுதி கேட்கும். அநேகமாக அது வெறும் தீக் காப்புறுதியாகவே இருக்கும். அந்தப் பத்திரம் காப்பது மூன்றை: தீ, இடி மின்னல், சமையல் எரிவாயு வெடிப்பு. வெள்ளம் வேண்டுமானால் தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். வங்கியில் கையெழுத்துப் போட்ட நாளில் இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சாவி கைக்கு வருகிற சந்தோஷத்தில் யாருக்கு அந்தப் பொடியெழுத்து கண்ணில் படும்?

இன்னொரு பத்திரமும் சேர்ந்து வந்திருக்கும், எம்.ஆர்.டி.ஏ. என்பார்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனை அடைப்பது அதன் வேலை. குடும்பத்துக்கு மிகவும் உதவியான பத்திரம், சந்தேகமில்லை. ஆனால் சுவர் இடிந்தாலும் கூரை பறந்தாலும் அது வாய் திறக்காது. இரண்டு பத்திரம் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இரண்டையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

வெள்ளத்தையும் சேர்த்துக் காக்க 'ஹவுஸ்ஓனர்' பாலிசி என்று ஒன்று இருக்கிறது. அது கட்டடத்துக்கு உரியது. உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு 'ஹவுஸ்ஹோல்டர்' பாலிசி. இரண்டிலும் வழக்கமாக வெள்ளம் அடங்கும். அப்போதும் நஷ்டத்தின் முதல் பகுதியை நம் தலையில் வைப்பார்கள். எவ்வளவு என்று பத்திரத்தில் போட்டிருக்கும். கூரை ஒழுகி மெத்தை நனைந்ததை வெள்ளம் என்று ஏற்கமாட்டார்கள். மண் சரிவும் தரை இறக்கமும் பொதுவாகச் சேராது.

தொகையிலும் ஒரு பொறி உண்டு. 1982-இல் மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்த விலை 25,000 வெள்ளி. அந்தக் காலத்தில் வாங்கிய வீட்டின் பின்புறத்தை நீட்டி, கல் பதித்து, அறை சேர்த்திருப்பீர்கள். இன்று அதைத் திரும்பக் கட்ட ஒரு லட்சம் ஆகும் என்று வையுங்கள். பத்திரத்தில் 50,000 வெள்ளிதான் எழுதியிருக்கிறது. சேதம் 20,000. ஐம்பதுக்குள்தானே வருகிறது, முழுதும் தருவார்கள் என்று நினைப்போம். தரமாட்டார்கள். பாதி மதிப்புக்குத்தான் காப்பு எடுத்தாய், ஆகவே பாதி நஷ்டம் உன்னுடையது என்று 10,000-த்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கணக்கு சரிதான், மனசுதான் ஒப்பாது.

2021 டிசம்பரில் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் போயிற்று. 17, 18 தேதிகளில் விடாமல் பெய்த மழையில் சிலாங்கூர் மூழ்கியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்ததை நாடே பார்த்தது. அந்த வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்கிட்டது. அதில் வீடுகளின் நஷ்டம் மட்டும் 160 கோடி. சரிபாதிக்கும் மேலான நஷ்டம் சிலாங்கூருடையது. கூட்டரசு குடும்பத்துக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்தது, மாநில அரசும் ஆயிரம் கொடுத்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சேற்றை வாரிக் கொட்டவே பாதி செலவாகியிருக்கும்.

அதற்குப் பிறகு பலர் விழித்துக்கொண்டு வெள்ளக் காப்புறுதி கேட்டுப் போனார்கள். அங்கேதான் இரண்டாவது கதவு. காப்புறுதி நிறுவனம் ஒரு வியாபாரம். கேட்டவருக்கெல்லாம் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. உங்கள் தாமானில் முன்பு தண்ணீர் வந்ததா என்று கேட்பார்கள். வந்தது என்றால் கட்டணத்தை ஏற்றலாம், வெள்ளத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுக்கலாம், வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பலாம். பலகை வீடு என்றால் இன்னும் யோசிப்பார்கள், கல்வீட்டுக்கு ஒரு விகிதம், மரவீட்டுக்கு ஒரு விகிதம். காப்புறுதி ஓராண்டுக்கானது. அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விட்டால், ஏன் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வராத ஊருக்கு விற்கவும் வருகிற ஊருக்கு மறுக்கவும் ஒரு காப்புறுதி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது.

இதில் நாம் தனியாள் இல்லை. பணக்கார அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் காட்டுத்தீ பெருகியதால், அங்கே மிகப் பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனமான ஸ்டேட் பார்ம் 2023 மே மாதத்தில் புது வீடுகளை ஏற்பதை நிறுத்தியது. 2024-இல் ஏறக்குறைய 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் அறிவித்தது. அடுத்த 2025 ஜனவரியிலேயே லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. நெருப்பூரில் நெருப்புக்கு இல்லை என்கிறார்கள், நீரூரில் நீருக்கு இல்லை என்கிறார்கள்.

பிரிட்டனில் வேறு மாதிரி யோசித்தார்கள். 2016-இல் 'பிளட் ரீ' என்ற பொது அமைப்பு வேலையைத் தொடங்கியது. எல்லா வீட்டுக் காப்புறுதி நிறுவனங்களிடமும் ஒரு வரி வாங்கி, வெள்ளம் வரும் இடத்து வீடுகளின் சுமையை அந்த நிதி ஏற்கிறது. நம் நாட்டுக்கும் இந்த யோசனை புதிதல்ல. எந்த நிறுவனமும் ஏற்காத லாரிக்கும் பேருந்துக்கும் காப்புறுதி கொடுக்க 1992-லேயே வாகனங்களுக்கான பொதுக் கூட்டு ஒன்று அமைத்தார்கள். ஓட்டை லாரிக்கு ஒதுங்க ஓர் இடம் கொடுத்தவர்கள், நனைந்த வீட்டுக்கும் ஒன்று யோசிக்கலாம். தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், தார்ச்சாலையோடு இதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? கடன் கட்டி முடிக்கப் போகிறவர்கள் முதலில் கவனியுங்கள். வங்கி பார்த்துக்கொண்டிருந்த காப்புறுதி, கடன் தீர்ந்ததும் நின்றுபோகும். பிறகு புதுப்பிப்பது உங்கள் பாடு. முப்பது வருடம் வங்கிக்குச் சொந்தமாக இருந்தபோது காப்போடு நின்ற வீடு, உங்களுக்கே சொந்தமான மறுநாள் காப்பில்லாமல் நிற்பதைப் பண்டமாரானில் மட்டுமல்ல, பல ஊர்களில் காணலாம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அதை நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். தொழிற்சாலை ஆட்களைப் பத்துப் பேராகத் தங்க வைத்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் இடம் தருகிறது. நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் நிபந்தனை உண்டு. வாடகைக்கு இருப்பவரின் சாமான்களுக்கு வீட்டுக்காரர் பத்திரம் பொறுப்பேற்காது. தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்: சுவர் நிர்வாகத்துடையது, தொலைக்காட்சி உங்களுடையது. அடுக்குமாடியில் இருந்தால், கட்டடத்துக்கு நிர்வாகக் குழு எடுத்திருக்கும் காப்புறுதியில் வெள்ளம் உண்டா என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுகிறவர் நீங்கள்தானே. மகனின் கார்? முழுக் காப்புறுதி என்று சொன்னாலும் வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

தண்ணீர் வந்துவிட்டால், துடைப்பத்தை எடுப்பதற்கு முன் கைத்தொலைபேசியை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும் படம் பிடியுங்கள். பிறகு காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். நம் பெண்கள் வீட்டைப் பளபளவென்று கழுவிவிட்டுத்தான் அதிகாரியை உள்ளே விடுவார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, எங்கே சேதம் என்று கேட்பார்!

நிறுவனம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. முடிவான பதில் கடிதம் வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர் அமைப்பான எப்.எம்.ஓ.எஸ்.-இடம் புகார் கொடுக்கலாம். முன்பு ஓ.எப்.எஸ். என்றிருந்ததுதான் 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஒன்று மட்டும் மனத்தில் வையுங்கள்: பத்திரம் இருந்தும் பணம் தர மறுத்த வழக்கைத்தான் அது விசாரிக்கும். பத்திரமே தரமாட்டேன் என்று முதலிலேயே கதவைச் சாத்தியவர்களிடம், எனக்கு விற்றுத்தான் ஆக வேண்டும் என்று அது ஆணையிடாது.

அந்த அம்மாளுக்கு இதையெல்லாம் சொன்னேன். கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம். மகனை அனுப்பி மூன்று நிறுவனங்களில் வெள்ளத்துக்கும் சேர்த்து விலை கேட்டு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பதில் வரவில்லை, ஒன்று வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறது. அதுவரை ஐஸ்பெட்டியை நாலு செங்கல் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்.