வாங்கிய விலையும் இன்றைய விலையும்

செல்வம் மனிதனிடம் இறைவன் ஒப்படைத்த அமானிதம். அதைச் செலவிடுவதில் சோதனை உண்டு என்பதை எல்லோரும் அறிவர். வைத்துக்கொள்வதிலும் சோதனை உண்டு என்பதைச் சிலரே அறிவர். விலை வீழ்ந்த பங்கைக் கையில் வைத்திருப்பவர் அச்சோதனையை நாள்தோறும் காண்கிறார்.

2020ஆம் ஆண்டின் கோடையில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பொருளை ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பங்குகளில் இட்டிருந்தார். பெருந்தொற்றால் உலகம் முடங்கிக் கிடந்த காலம் அது. அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பூஜ்யத்திற்கும் கீழே 37 டாலர் வரை இறங்கிற்று. சரக்கை எடுத்துச் செல்பவருக்கு விற்பவரே பணம் கொடுக்கும் விந்தையைச் சந்தை கண்டது. அன்பரின் பங்கும் வாங்கிய விலையில் கால்வாசிக்கு வந்திருந்தது.

“விற்கட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா ஹஜ்ரத்? வாங்கிய விலை வந்ததும் விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார்.

வாணிபச் சரக்குக்கு ஜகாத் கணக்கிடும் முறை நமக்கு நினைவுக்கு வந்தது. ஆண்டு நிறைவுறும் நாளில் சரக்கின் சந்தை விலையைத்தான் பார்க்கவேண்டும் என்கின்றன ஃபிக்ஹு நூல்கள். நூறு ரூபாய்க்கு வாங்கியது நாற்பதுக்கு இறங்கியிருந்தால் நாற்பதுக்கே ஜகாத். இருநூறுக்கு ஏறியிருந்தால் இருநூறுக்கு. வாங்கிய விலைக்கு அக்கணக்கில் இடமே இல்லை. ஜகாத் கொடுக்கும்போது இன்றைய விலையை மனமுவந்து ஏற்கும் நாம், விற்க நினைக்கும்போது மட்டும் நேற்றைய விலையைப் பற்றிக்கொள்வது ஏன்?

ஆகவே அவரிடம் ஒன்றே கேட்டோம்: “இத்தொகை இன்று ரொக்கமாக உங்கள் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா?”

“ஆறு மாதத்தில் நிக்காஹ் இருக்கும்போது எப்படி வாங்குவேன்?” என்றார். விடை அதிலேயே இருந்தது.

ஆயினும் அவர் உள்ளம் ஒப்பவில்லை. “பொறுமை வேண்டும் என்கிறார்களே?” என்றார். பொறுமை என நாம் சொல்லும் ஸப்ர் எனும் அறபுச் சொல்லின் வேரில் தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் உண்டு. எதைத் தடுப்பது? மனத்தின் இச்சையை. இழப்பை ஒப்புக்கொள்ள மறுப்பதே மனத்தின் இச்சையாக இருக்குமானால், அதைத் தடுத்து விற்பதே ஸப்ர். விற்காதிருப்பது இஸ்ரார், அதாவது பிடிவாதம்.

மற்றொரு கணக்கும் உண்டு. பங்குடைமை ஒருவகை ஷிர்கத், கூட்டு வாணிபம். ஆதலால் நிறுவனத்தின் வட்டிக்கடன் நம்மையும் தொடுகிறது. அக்கடன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டை எட்டலாகாது என இக்கால அறிஞர் பலர் வரையறுத்துள்ளனர். பங்கின் விலை வீழ வீழ, புதிதாக ஒரு காசு கடன் வாங்காமலேயே இவ்விகிதம் ஏறிவிடும். வாங்கும்போது மட்டுமன்றி வைத்திருக்கும்போதும் பார்க்கவேண்டிய கணக்கு இது.

அன்பர் நட்டத்தில் விற்றார். பின்னாளில் சிலர் மணலியைக் காட்டிக் குறை சொன்னார்கள். 1965இல் மதராஸ் சுத்திகரிப்பு நிறுவனம் என்ற பெயரில் தோன்றி, இன்று சென்னை பெட்ரோலியம் என வழங்கும் அந்நிறுவனம் 2019-20இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டமடைந்தது. உயர்ந்த விலையில் வாங்கிய எண்ணெய் இருப்பில் இருக்கையிலேயே விலை சரிந்தது அதற்கு ஒரு காரணம். 2022-23இலோ 3,500 கோடிக்கு மேல் இலாபம்! 2020 மார்ச்சில் 60 ரூபாய்க்கும் கீழிருந்த பங்கு, 2024இல் 1,000 ரூபாயைத் தாண்டிற்று. “பொறுத்தவர் பெற்றார்” என்றனர்.

மெய்தான். ஆனால் அதே 2020 ஜூனில் அமெரிக்காவின் செசபீக் எனும் எண்ணெய், எரிவாயு நிறுவனம் நொடித்து நீதிமன்றம் சென்றது. அதன் பழைய பங்குதாரர்களின் பங்குகள் செல்லாக்காசாயின. அங்கும் பொறுத்திருந்தோர் பலர். இருவர் பொறுமையும் ஒன்றே, முடிவுகள் வேறு. முடிவைக்கொண்டு முடிவெடுத்தவரை எடைபோடுவது நீதியாகாது.

நாளைய விலை மறைவானது. அதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. தேவை எப்போது வரும், கடன் எவ்வளவு, இன்றைய மதிப்பு என்ன என்பன நாம் அறியக்கூடியவை. அன்பரிடம் கேட்கப்படும் கணக்கும் அவற்றைப் பற்றியதே. கையில் எஞ்சியதற்கு ஏற்ப விருந்தைச் சுருக்கி, எவரிடமும் கடன்படாமல் அவர் மகளின் நிக்காஹை முடித்தார்.