மகமையும் கான்டன் வணிகரும்

அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்குச் செல்லும் பயணி, மழை பெய்தால் வெள்ளாமை, பொய்த்தால் சீமைக்கருவேலம் என்று கிடக்கும் கரிசல் காடுகளைக் கடந்தே ஊரை அடைய வேண்டும். பருத்தியும் மிளகாயும் மானாவாரியாக, அதாவது வானத்தை மட்டுமே நம்பி, விளையும் இந்தத் திருச்சுழி வட்டாரத்துக்குச் சீனத்துக் கான்டன் துறைமுகத்தோடு தொடர்பு தேடுவது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் இவ்வட்டாரத்து மண்டபசாலையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலையம் அமைத்த அமெரிக்கன் மதுரை மிஷனும், கான்டனில் 1835இல் கண் மருத்துவமனை திறந்த பீட்டர் பார்க்கரும் ஒரே தாய்ச்சபையால், பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்க அயல்நாட்டு மிஷன் வாரியத்தால், அனுப்பப்பட்டவர்கள். பார்க்கரின் மருத்துவமனை இயங்கிய கட்டடம் ஹௌக்குவா என்று வெளிநாட்டார் அழைத்த வூ பிங்ஜியான் (1769–1843) என்ற சீன வணிகருக்குச் சொந்தமானது; அவர் பின்னாளில் அதற்கு வாடகை வாங்குவதையும் விட்டுவிட்டார்.

இந்த ஹௌக்குவா ஊருக்கு நல்லது செய்த செல்வர் மட்டும் அல்லர். மேலை நாட்டார் 1757 முதல் 1842 வரை கான்டனில் மட்டுமே, அதிலும் அரசு உரிமம் பெற்ற சில சீன வணிகர்கள் வழியாக மட்டுமே, வாணிபம் செய்ய முடிந்தது. கோஹாங் எனப்பட்ட அந்த வணிகர் குழுவின் தலைவராக இருந்த அவருடைய சொத்து, 1834இல் 2 கோடியே 60 லட்சம் வெள்ளி டாலராக மதிப்பிடப்பட்டது. 72,000 டாலர் கடனை அடைக்க வழியின்றி ஊர் திரும்ப முடியாமல் தவித்த ஓர் அமெரிக்கரை அழைத்து, கடன் பத்திரத்தை அவர் கண்முன்னே கிழித்துப்போட்டு அனுப்பிவைத்தார் என்று, அக்காலத்தில் அங்கே வாழ்ந்த வில்லியம் ஹன்டர் எழுதிவைத்திருக்கிறார். பாஸ்டன் இளைஞர் ஜான் மர்ரே ஃபோர்ப்ஸ் 1830இல் கான்டனுக்கு வந்து ரஸ்ஸல் கம்பெனி என்ற அமெரிக்க வணிக நிறுவனத்தில் பணியாற்றி, 1837இல் நாடு திரும்பியபோது, ஹௌக்குவா தம் பணத்தில் ஏறத்தாழ 5 லட்சம் டாலரை அமெரிக்காவில் முதலீடு செய்ய அவரிடம் ஒப்படைத்தார். ஃபோர்ப்ஸ் பிற்பாடு மிச்சிகன் சென்ட்ரல் முதலிய ரயில்பாதைகளில் இறங்கியபோது ஹௌக்குவா குடும்பத்தின் பணமும் அவற்றில் சேர்ந்தது. கடலைக் கடக்காத ஒருவரின் பணம், அவர் பார்த்தே இராத நாட்டின் தண்டவாளங்களில் பங்கு பெற்றது.

இந்த நட்பை மெச்சும் நூல்கள் பலவும் ஒன்றை மெல்லக் கடந்துபோகின்றன. ரஸ்ஸல் கம்பெனி தேயிலையோடு அபினும் விற்றது. அந்நாளைய கான்டன் செழிப்பில் அந்த நஞ்சுக்கும் பங்கு உண்டு.

நல்லெண்ணத்துக்குப் பின்னால் ஓர் ஏற்பாடும் இருந்தது. கோஹாங் வணிகர்கள் தங்கள் வாணிபத்தின் மீது சுமார் 3 விழுக்காடு வரி விதித்துக்கொண்டு ஒரு பொதுநிதி சேர்த்தனர். குழுவில் ஒருவர் நொடித்துப்போனால், அவர் வெளிநாட்டாருக்குத் தரவேண்டிய கடனை அந்த நிதி அடைத்தது. ஆற்று வெள்ள நிவாரணம், பேரரசருக்கான காணிக்கை ஆகியவற்றுக்கும் அதிகாரிகள் அதிலேயே கைவைத்தார்கள் என்பது வேறு கதை. அருப்புக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தாருக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. நாடார் உறவின்முறைகள், அதாவது ஊர்தோறும் அமைந்த வணிகச் சமூகச் சபைகள், வியாபாரத்தில் சிறு பங்கை மகமை என்று பிடித்துவைத்துக் கிணறும் கோயிலும் பேட்டையும் கண்டன. 1889இல் தொடங்கி, பின்னாளில் காமராசரும் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அந்த மகமையில் வளர்ந்ததுதான். கான்டன் நிதி கடனுக்குப் பிணை நின்றது, மகமை பள்ளிக்கூடம் கட்டியது. இரண்டில் எது நெடுநாள் பயன் தந்தது என்பதில் கரிசல்காட்டாருக்கு ஐயம் இராது.

ஆயினும் கான்டன் ஏற்பாடு அதன் பிறப்பிடத்தோடு முடிந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் வங்கிகள் நொடித்து மக்கள் பணம் இழந்த காலத்தில், ஜோஷுவா ஃபோர்மன் என்பவர் கான்டன் வணிகர்களின் கூட்டுப்பிணையை வெளிப்படையாகவே எடுத்துக்காட்டி ஒரு திட்டம் முன்வைத்தார். அதன்படி 1829இல் பிறந்த சட்டம், ஒவ்வொரு வங்கியும் ஆண்டுதோறும் தன் மூலதனத்தில் அரை விழுக்காட்டை, 3 விழுக்காடு சேரும்வரை, பொதுநிதியில் செலுத்த வைத்தது. 1837ஐ ஒட்டிய நெருக்கடிகளில் அந்த நிதி வற்றிப்போனாலும் எண்ணம் வற்றவில்லை. அமெரிக்கா 1933இல் நாடு முழுவதற்குமான வைப்புத்தொகைக் காப்பீட்டை, அதாவது வங்கி மூழ்கினாலும் சேமித்தவருக்கு ஒரு வரம்புவரை பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாட்டை, அமைத்தது. கேரளத்தின் பாலாய் மத்திய வங்கி 1960இல் சரிந்த பின், இந்தியாவும் 1962இல் அதே வழியில் சென்றது.

இன்று அருப்புக்கோட்டையின் வணிக வங்கிக் கிளை ஒன்றில் பணம் போட்டவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தக் காப்பு உண்டு. கிராமங்களில் சம்சாரி பயிர்க்கடனுக்காகப் போய் நிற்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டுவைத்த பணத்துக்கு அது கிடையாது.