ஒரு பிரேக், ஐந்து மதிப்பெண்

தில்லி விகாஸ் மார்க்கில் லட்சுமி நகர் மெட்ரோ நிலையத்தை நெருங்கும்போது, எதிர்த்திசையில் ஓர் இ-ரிக்‌ஷா வந்தது. அதற்கு ஒதுங்கிய பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சட்டென்று என் காருக்கு முன்னால் கால் வைத்துவிட்டான். பிரேக்கை முழுதாக மிதித்தேன். பின்சீட்டிலிருந்த காய்கறிப் பை சரிந்து, வெங்காயம் உருண்டு என் காலடிக்கு வந்தது. பம்பருக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தான், தோளில் பையை ஏற்றிக்கொண்டான், போய்விட்டான். மயூர் விகார் வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால், காலையில் 84 ஆக இருந்த என் மதிப்பெண் 79. கீழே சிவப்பில் ஒரு வரி: கடும் பிரேக், 1.

அந்த மதிப்பெண் என் கார் இன்சூரன்ஸுக்கானது. 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பார்த்து பிரீமியம் வைக்கும் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் 1990-களின் கடைசியிலேயே டெக்சஸில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில கம்பெனிகள் ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிற ஓபிடி போர்ட்டில் ஒரு சின்னக் கருவியை மாட்டச் சொல்கின்றன. சிலவற்றுக்குக் கைபேசியில் ஓர் ஆப் இருந்தாலே போதும். என்னுடையது இரண்டாவது வகை. கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானி வண்டி குலுங்குவதையும் திடீரென்று நிற்பதையும் உணர்கிறது. ஜிபிஎஸ் வேகத்தைச் சொல்கிறது. ஓட்டும்போது திரையைத் தொட்டால் அதுவும் கணக்கில் ஏறிவிடுகிறது.

"நாம எங்க போறோம், எப்ப வர்றோம்னு அவங்களுக்கு எதுக்குங்க தெரியணும்?" என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

ஆனாலும் அந்த ஆப் எனக்கு நல்லது செய்திருக்கிறது. ஐடிஓ சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்கிற பழக்கம் போய்விட்டது. இருபது வருஷமாகத் தில்லியில் ஓட்டுகிறேன். முன்னால் போகிற வண்டியோடு இவ்வளவு இடைவெளி விட்டு நான் ஓட்டியதே இல்லை. இடைவெளி விட்டால் அதில் இன்னொருவன் நுழைகிறான். நுழையட்டும் என்று விடக் கற்றுக்கொண்டேன். ஓட்டும்போது கைபேசி அடித்தால் எடுப்பதில்லை.

ஆனால் ஆப்புக்குக் கண் இல்லை. போன டிசம்பரில் அம்மா சென்னையிலிருந்து வந்த ரயில் பனிமூட்டத்தில் பல மணி நேரம் தாமதமாகி, விடிவதற்கு முன்னால் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அம்மாவை அழைத்துவரக் காரை எடுத்தேன். இண்டிகேட்டரைப் போட்டபடி, சாலையோர வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இருபதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு கவனமாக ஓட்டியது அன்றைக்குத்தான். ஆப் அதை 'இரவுப் பயணம்' என்று எழுதி இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தது. இரவில் விபத்து அபாயம் அதிகம் என்பது உண்மை, அந்தக் கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். பையனுக்காகப் போட்ட பிரேக்கை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தவறான திசையில் வண்டி வருவதும், நடக்க இடமில்லாமல் மனிதர்கள் சாலையில் இறங்குவதும் அன்றாடமாகிவிட்ட ஊரில், கடும் பிரேக் போடாத ஓட்டுநர் எல்லா நாளும் நல்ல ஓட்டுநர் ஆகிவிடமாட்டார்.

பாலிசி புதுப்பிக்கும் நாள் வந்தது. ரசீதைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். என் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி, அதாவது ஓன் டேமேஜ், 5,400 ரூபாய். மதிப்பெண்ணுக்காக அதில் 12 சதவீதம் கழித்திருந்தார்கள், 648 ரூபாய். கிளெய்ம் எதுவும் கேட்காத வருஷங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் வேறு ஐம்பது சதவீதம் வரை ஏறும். அதுவும் இந்தப் பகுதியில்தான். அடுத்த வரியில் தேர்ட் பார்ட்டி: 3,416 ரூபாய். என் காரால் அடிபடுகிறவருக்கான தொகை இது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு சிசி வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூனில் அரசு வைத்த விலை. எப்படி ஓட்டினாலும் ஒன்றுதான்.

"இதுல மார்க்குக்குக் குறைக்கமாட்டாங்களாம்மா?" என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண்ணிடம் கேட்டேன்.

"அது கவர்மென்ட் ரேட் சார், நாங்க தொட முடியாது" என்றாள். தமிழ்ப் பெண்தான், குர்கானிலிருந்து பேசினாள்.

ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகரம் நசுங்காமல் ஓட்டினால் எனக்குப் பணம் திரும்பி வருகிறது. ஒரு மனிதனை இடிக்காமல் ஓட்டினால் அந்த வரியில் ஒரு ரூபாய்கூட நகர்வதில்லை. தில்லிச் சாலைகளில் உயிரை விடுகிறவர்களில் பெரும்பாலோர் காருக்குள் இருப்பவர்கள் அல்ல, நடந்து போகிறவர்களே அதிகம். அடிபட்டவரின் குடும்பத்துக்குப் பணம் உறுதியாகப் போய்ச்சேர வேண்டும், அதற்காகத்தான் எல்லோருக்கும் ஒரே விலை என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கவனத்துக்குச் சலுகை என்று ஒன்று கொடுத்தால், அது முதலில் அந்த வரியில்தான் வந்திருக்க வேண்டும். ஏன் பிரேக் போட்டாய் என்று ஓட்டுநரிடம் கேட்கவும் அந்த ஆப்பில் ஓர் இடம் வேண்டும்.

பணத்தைக் கட்டிவிட்டேன். ஆப்பையும் எடுக்கவில்லை. விகாஸ் மார்க்கில் இப்போது அந்த மெட்ரோ படிக்கட்டு கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் நாலைந்து பையன்கள் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். அவன் அவர்களில் இருக்கிறானா என்று தினமும் பார்க்கிறேன்.